கீழ்க்கட்டில், ஜன்னலோரம்

1

இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. வேலிக்கு மேலாக வந்தது. பக்கத்து வீட்டு நெலிடா அக்கா, ஒரு கையில் மாத்தே என்கிற இலைத் தேநீர்க் கோப்பையும் மறு கையில் கைபேசியுமாக வேலியோரம் வந்து நின்றார்.

"தம்பி, நீ கதை எழுதுறவன்தானே? எவன் பொய் சொல்றான்னு படிச்ச உடனே தெரிஞ்சிடும்ல?"

தெரியும் என்றேன். கொஞ்சம் திமிர்தான்.

"அப்ப இதப் படி. புவெனஸ் ஐரெஸ்ல தங்க எடம் பாக்குறேன். ஒவ்வொண்ணுக்கும் கீழ ஊரே எழுதி வச்சிருக்கு. ஒருத்தன் சொர்க்கம்ங்கிறான், ஒருத்தன் மூட்டப்பூச்சிங்கிறான். ரெண்டு பேரும் ஒரே கட்டில்லதான் படுத்திருக்கானுங்க."

தலைநகரத்தில் ஓட்டல் அறை எடுத்தால் அக்காவின் ஓய்வூதியம் மூன்றே நாளில் மூச்சை விட்டுவிடும். ஆகவே விடுதி. அதாவது, முன்பின் தெரியாத ஏழு பேரோடு ஒரே அறை, ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர்.

2

தொடக்கங்கள்:

"நகரம் அவளை விழுங்கக் காத்திருந்தது." அழித்துவிட்டேன். நகரம் எவரையும் விழுங்குவதில்லை. முன்பணம் கேட்கிறது, அவ்வளவுதான்.

"லா பாந்தா ஊரின் பள்ளிச் சமையலறையில் இருபது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற நெலிடா, அறுபத்திரண்டு வயதில், முதன்முறையாகத் தனியே" 

இது பாதியில் நிற்பதற்குக் காரணம், வேலிக்கு அப்பாலிருந்து வந்த குரல்.

"அறுபத்தொண்ணு."

தன்னைப் பற்றி எழுதுவதை எல்லாம் தனக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அக்கா போட்ட நிபந்தனை. எழுத்தாளர்கள் தங்கள் பாத்திரங்கள் தங்களோடு பேசுவதாகப் பீற்றிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். என் பாத்திரம் என் செடிகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுகிறது. அதனால் என்னால் எதிர்த்துப் பேச முடிவதில்லை.

3

மூன்று நாள் விமர்சனங்கள் படித்தேன். கிண்டல் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்: இன்று உரைநடை உயிரோடு இருப்பது அங்கேதான். என்ன ஒன்று, அந்த மொழியைக் கற்க வேண்டும். "உயிர்த்துடிப்பான சூழல்" என்றால் விடியும்வரை எவனோ கிட்டார் வாசிப்பான். "எளிமையான காலை உணவு" என்றால் பிஸ்கட். அதையும் எட்டு மணிக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். "பணியாளர்கள் குடும்பம்போல" என்றால் கூப்பிட்டால் வர மாட்டார்கள்.*

* இந்த வரியை அக்கா எடுக்கச் சொன்னார். "எங்க குடும்பத்தச் சொல்றியா?" என்றார். இல்லை என்றேன். அப்போது எனக்கு அவர் கதை தெரியாது.

'பச்சை மாடி' விடுதிக்கு ஐந்து நட்சத்திரம், ஆனால் புகழ்ந்த எல்லோருக்கும் ஒரே எழுத்துநடை. ஒரே கை எழுதியது. அந்தக் கையை நான் மதிக்கிறேன், ஆனால் அதை நம்பி ஒரு அக்காவை அனுப்ப மாட்டேன். 'ஊஞ்சல்' விடுதிக்கு எல்லாரும் வசைதான் பாடியிருந்தார்கள். நடுவில் ஒரு பெண், பெயர் போடாமல், இரண்டே வரி எழுதியிருந்தாள்:

"கீழ்க்கட்டில் கேளுங்கள், ஜன்னலோரம். வெளியே பேருந்துகள் போய்க்கொண்டே இருக்கும். அழுதால் யாருக்கும் கேட்காது."

எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு வரியை நான் எழுதியதில்லை. வரி நன்றாக இருந்ததற்காக ஒரு விடுதியைத் தேர்ந்தெடுக்கும் மடையன் உலகில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இதுதான், அக்கா. அல்மாக்ரோ பகுதியில."

"அல்மாக்ரோவா? எந்தத் தெருகிட்ட?"

சொன்னேன். அக்கா மாத்தேயை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார்.

4

[இங்கே கதை வேறு கதையாகிவிடுகிறது. விடுதியைப் பற்றி ஒரு நகைச்சுவை எழுதிவிட்டு எழுந்து போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.]

அந்தத் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில், அக்காவின் மகன் ஃபாபியான் இருக்கிறான். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவெல் என்ற இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தான். உணவு மேசையில், இறைச்சி இன்னும் அடுப்பில் இருக்கும்போதே, நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்றான். அக்கா எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவத் தொடங்கினார். யாரும் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டுகள் சுத்தமாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் திரும்பிப் பார்த்தபோது நாற்காலிகள் காலி. அதன்பிறகு மகன் வரவில்லை, பேசவுமில்லை.

நான் எழுதிக் காட்டினேன்: "தட்டில் அவள் கண்ணீர்"

"அழலடா. தட்டுதான் கழுவுனேன். அழுதிருந்தா அவன் போயிருக்கவே மாட்டான்."

"போன் பண்ணிப் பேசலாம்ல அக்கா?"

"போன்ல வேணாம்னு சொல்றது லேசு. வாசல்ல நிக்கிறவள எப்படி வேணாம்பான்?" உடனே அவரே திருத்திக்கொண்டார்: "சொல்லலாம். அதுக்குத்தான் விடுதி."

ஆக, எங்களுக்கு வேண்டியது மகன் கதவைத் திறந்தால் தேவைப்படாத, திறக்காவிட்டால் நடந்தே போய்ச் சேரக்கூடிய ஒரு கட்டில். இப்படி ஒரு வசதியைத் தேடித் தர எந்த வலைத்தளத்திலும் டிக் அடிக்கும் பெட்டி இல்லை.

5

பாத்திரத்தின் மீது எனக்கு வந்த சந்தேகம் இதுதான்.

ஊஞ்சல் விடுதியில் கீழ்க்கட்டிலைப் பதிவு செய்தேன், ஆனால் வந்து சேரும் நாளில் நான்கு மணிவரைதான் அதை வைத்திருப்பார்கள். வருகிறோம் என்று அதற்குள் உறுதி சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். பேருந்து மத்தியானம் போய்ச் சேரும். நேரே மகன் வீட்டுக்குப் போனால் இரண்டு மணிக்குள் விஷயம் தெரிந்துவிடும், அப்புறம் விடுதிக்குச் சொல்லிவிடலாம் என்றேன்.

"ரெண்டு மணிக்கா? மத்தியானத் தூக்க நேரத்துல அடுத்தவன் வாசல்ல போயி கை தட்டச் சொல்றியா? நான் என்ன காட்டுல பொறந்தவளா?"

எங்கள் பக்கத்தில் வாசலில் நின்று கை தட்டித்தான் கூப்பிடுவோம். ஆனால் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை எவரும் தட்ட மாட்டார்கள். தபால்காரர் தட்ட மாட்டார், மதப் பிரச்சாரத்துக்கு வருகிறவர்கள்கூட மரத்தடியில் காத்திருப்பார்கள்.

"அக்கா, புவெனஸ் ஐரெஸ்ல மத்தியானம் எவனும் தூங்குறதில்ல."

"எம்புள்ள தூங்குவான்."

"அங்க கை தட்டுனாக் கேக்காது. மூணாவது மாடி. கீழ மணி இருக்கும், பொத்தான அமுக்குனாப் போதும்."

"மணிய எவன் வேணா அடிப்பான். கை தட்டுனாத்தான் யாருன்னு தெரியும்."

இந்தப் பிடிவாதம் நம்பும்படியாக இல்லை என்று எந்தப் பதிப்பாளரும் திருப்பி அனுப்புவார். நான் என்ன செய்ய, அந்த அம்மாள் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

6

முடிவுகளை வேலியோரம் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: ஃபாபியான் வெறுங்காலோடு மாடிப்படி இறங்கி ஓடி வருகிறான்.

"அதுல நான் என்ன சொல்றேன்?"

"ஒண்ணும் சொல்லல. கட்டிப்பிடிச்சுக்கிறீங்க."

"தூக்கிப் போடு. ஒண்ணும் சொல்லாமத்தான் இவ்வளவும் ஆச்சு."

இரண்டாம் முடிவு: மாடியில் திரைச்சீலை அசைகிறது, கதவு திறக்கவில்லை. அக்கா நான்கு தெரு நடந்து வந்து கீழ்க்கட்டிலில் படுக்கிறார். வெளியே பேருந்துகள்.

"நல்லா எழுதிருக்க" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாம் முடிவு: கதவைத் திறப்பது நாவெல்.

"அவன் என்ன பண்றான்?"

"உள்ள வாங்க, மாத்தே போடவான்னு கேக்குறான்."

"சக்கர போட்டா, போடாமயா?"

யோசிக்கவே இல்லை. "போட்டு."

"அந்த ஊர்க்காரனுங்க கசப்பாத்தான்டா குடிப்பானுங்க."

"உங்களுக்காகப் போடுறான்."

அக்கா வேலியில் படர்ந்த கொடியிலிருந்து காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார். பிறகு, "அப்படின்னா நல்ல புள்ளதான்" என்றார். நான் உருவாக்கிய ஆளுக்கு அத்தனை பெரிய பாராட்டு அதற்குமுன் கிடைத்ததில்லை. நிஜ நாவெல் எப்படியோ, யாருக்குத் தெரியும்.

7

புறப்படுகிற நாள், பையில் சிப்பாக்கோ ரொட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, அந்தக் கட்டில் வேணாம். கேன்சல் பண்ணிடு."

"ஏன்க்கா? ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே."

"போறதுக்கு எடம் இருந்தா ஒரு தடவ தட்டிட்டுப் போயிருவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா? எடம் இல்லன்னாத்தான் தொறக்குற வரைக்கும் தட்டுவேன்."

சரி என்றேன். பேருந்து நகர்ந்ததும் ஜன்னல் வழியாக, "செடிக்குத் தண்ணி ஊத்து, கதையக் கெடுத்துராத" என்றார்.

8

அது நேற்று ராத்திரி. இப்போது மத்தியானம் மூன்றரை மணி ஆகப்போகிறது. லா பாந்தாவில் நாய்கூட நடமாடவில்லை. நான் மட்டும் தூங்கவில்லை, ஏனென்றால் நான் இன்னும் கேன்சல் செய்யவில்லை.

கைபேசியில் ஊஞ்சல் விடுதி கேட்டுக்கொண்டிருக்கிறது: வருகிறீர்களா? ஆம். இல்லை. இரண்டு பொத்தான்கள்.

ஆம் என்றால் ஃபாபியான் கதவைத் திறக்க மாட்டான் என்று நானே எழுதிவிட்ட மாதிரி. அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு இடம் இருக்கிறது என்று சொல்லாமல் இருக்க எனக்கு வாய் அடங்காது. இல்லை என்றால், நான் பார்த்தே இராத ஒரு மூன்றாவது மாடியை நம்பி, அறுபத்தொரு வயதுப் பெண்மணியை ஒரு மாநகரத்தின் நடைபாதையில் விடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அலங்காரமாகச் சொல்ல ஒரு வாக்கியம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுத்தாளர் நழுவிக்கொள்வது வழக்கம். நான் கைபேசியையே கொடுக்கிறேன். இந்தாருங்கள். நான்கு மணிக்குள் அழுத்த வேண்டும்.

அழுத்துமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அக்கா இப்போது அந்த வாசலில்தான் நிற்கிறார். கைகளைக் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் நிற்கிறார். பிள்ளை தூங்கி எழட்டும் என்று.