நிதீஷுக்கு நூற்றுப் பதினைந்தரை

கணிதத் தேர்வு முடிந்த மறுநாள் ரக்ஷனாவின் கால்குலேட்டரிலிருந்து ஏழாம் எண் உதிர்ந்து விழுந்தது. அவ்வளவு அழுத்தியிருந்தாள். சோபாவுக்கு அடியில் ஓடிப்போன அந்தப் பொத்தானை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. கைப்பேசியில் கணக்குப் போட்டால் விடை சுத்தமாக வராது என்பது அவள் நம்பிக்கை. ஆகவே அன்றிலிருந்து அவள் போட்ட எந்தக் கணக்கிலும் ஏழுக்கு இடமில்லாமல் போனது. பின்னால் நடந்த கூத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் பூன் லே பக்கத்துப் பள்ளி ஒன்றில் உயர்நிலை இரண்டில் நூற்று முப்பத்தேழு பேர் படித்தார்கள். அடுத்த வருடம் ஏ-மேத்ஸ் என்கிற கூடுதல் கணிதம் எடுக்க எண்பது இடங்கள்தான். கேட்டவர்களை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தினால் எண்பதாவது ஆள் எந்த மதிப்பெண்ணில் நிற்கிறாரோ அதுதான் கட்-ஆஃப். மதிப்பெண் செவ்வாய்க்கிழமை வரும். ஏ-மேத்ஸ் வேண்டுமா என்ற படிவத்தை மட்டும் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். கேட்டுக் கிடைக்காமல் போனால், மற்றவர்கள் எல்லாரும் எடுத்தது போக மிச்சம் கிடக்கிற பாடங்கள்தான். அந்த மிச்சம் என்னவென்று யாருக்கும் தெரியாது. அங்கே போனவர்கள் திரும்பி வந்து சொன்னதில்லை.

ரக்ஷனாவுக்கு ஏ-மேத்ஸ் வேண்டும். அவள் அப்பா வெங்கடேஷ் துவாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மகளுக்கு அதை ஓட்டுவதில் ஆசையில்லை, அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்ட வேண்டும். ஐந்து வயதில் வரைந்த முதல் படத்தில் அவளுடைய கிரேன் நிலாவைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஏ-மேத்ஸ் இல்லாமல் பொறியியல் பக்கம் போக முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கேள்விகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, விடை தப்பான இடத்தில் வழிமுறைக்கு இரண்டு, மூன்று என்று தாராளமாகப் போட்டுக்கொண்டு, தனக்கு அறுபத்து மூன்று வரும் என்று கணக்கிட்டாள். அம்மா கண்மணியிடம் சொன்னாள்.

“மெதுவாச் சொல்லுடி!” என்று கண்மணி ஜன்னலைச் சாத்தினார். “யாராச்சும் கேட்டா நாப்பத்தெட்டுன்னு சொல்லு. கண்ணு பட்டுச்சுன்னா பேப்பர்ல இருக்கிறதும் போயிடும்.”

கண்மணி அனுபவப்பட்டவர். புது வாஷிங் மெஷின் வாங்கியதை எதிர்வீட்டில் சொன்ன அன்று மாலையே அது குலுங்கிக் குலுங்கிச் சமையலறையை விட்டு நடந்து வாசல்வரை வந்து நின்றது. கதவு பூட்டியிருந்ததால்தான் வீட்டிலேயே தங்கியது.

புதன்கிழமை ரக்ஷனா உயர்நிலை இரண்டின் டெலிகிராம் குழுவில் ஒரு ஷீட் திறந்தாள். எல்லாரும் பெயருக்கு நேரே தாங்கள் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணைப் போட வேண்டும். அவள் நாற்பத்தெட்டு போட்டாள். “செத்தேன் லா,” “கன்ஃபர்ம் ஃபெயில்,” “அம்மா அடிப்பாங்க” என்ற முன்னுரைகளோடு அத்தனை பேரும் போட்டு முடித்தார்கள். மேலிருந்து எண்ணினால் எண்பதாவது ஆள் நாற்பத்தைந்தில் நின்றார்.

கட்-ஆஃப் நாற்பத்தைந்து! குழுவில் பட்டாசு ஸ்டிக்கர்கள் வெடித்தன. அறுபத்து மூன்றை மடியில் கட்டி வைத்திருந்த ரக்ஷனாதான் எல்லாரையும்விட அதிகமாகக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு உட்கார முடியவில்லை. நான் பதினைந்து குறைத்தேன். மற்றவர்கள் எவ்வளவு குறைத்தார்கள்?

அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பபிள் டீ குடித்துக்கொண்டிருந்த நிதீஷைப் பிடித்தாள். அதே வகுப்பு, அதே புளோக்.

“டேய், அம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கியே, நெஜமா?”

“அதுவே ஜாஸ்தி லா. இந்தத் தடவை செத்துட்டேன்.”

“போன தடவையும் செத்தே. எழுபத்தாறு வாங்கினே.”

“அது லக்.”

“உங்கம்மா குறைச்சுச் சொல்லச் சொன்னாங்களா?”

“உங்கம்மா சொன்னாங்களா?”

நிதீஷ் கோப்பையின் அடியில் கிடந்த கடைசி முத்தையும் உறிஞ்சினான். சீனப் பிள்ளைகள் வீட்டிலும் மலாய்ப் பிள்ளைகள் வீட்டிலும் இதே கதைதான் என்றான் நிதீஷ். காரணம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறாம்.

அப்படியானால் எவ்வளவு குறைத்தார்கள் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். ரக்ஷனாவுக்கு இன்ஷா நினைவுக்கு வந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. போன தேர்வில் “நாப்பது வந்தா பெரிசுடி” என்று அழுதுவிட்டு எண்பத்து மூன்று வாங்கியவள். எண்பத்து மூன்றை நாற்பதால் வகுத்தால் இரண்டு புள்ளி பூஜ்யம் ஏழு ஐந்து. ஏழுதான் சோபாவுக்கு அடியில் இருக்கிறதே, ஆகவே இரண்டு புள்ளி ஒன்று என்று வைத்துக்கொண்டாள். ஷீட்டில் இருந்த அத்தனை எண்ணையும் இரண்டு புள்ளி ஒன்றால் பெருக்கினாள்.

இந்தத் தடவை முப்பத்தெட்டு என்று போட்டிருந்த இன்ஷாவுக்கு ஏறக்குறைய எண்பது வந்தது. நிதீஷுக்கு நூற்றுப் பதினைந்தரை வந்தது. நூறு மதிப்பெண் தேர்வில் அது கொஞ்சம் அதிகம் என்று ரக்ஷனாவுக்கும் பட்டது. இருந்தாலும் அவன் ட்யூஷனுக்குப் போகிறவன். கட்-ஆஃப் தொண்ணூற்று நாலரையில் வந்து நின்றது.

வியாழக்கிழமை மத்தியானம் புது ஷீட்டைக் குழுவில் போட்டாள். பட்டாசு அணைந்தது. தன் பெயருக்கு நேரே இருக்கும் எண் தப்பு என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. மற்ற நூற்று முப்பத்தாறும் சரி என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். சாயங்காலத்துக்குள் ஆள் ஆளாக, தங்களுக்கு ஏ-மேத்ஸில் எப்போதுமே அவ்வளவு ஈடுபாடு இருந்ததில்லை என்று எழுத ஆரம்பித்தார்கள்.

ரக்ஷனாவும் ஏ-மேத்ஸ் இல்லாத படிவத்தை நிரப்பினாள். அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். சமையலறையிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து சமையலறை. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, மாவு அரைக்கிறீர்களா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். இன்ஷாவுக்கு ஒன்பது முறை அழைத்தாள். இன்ஷா எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆசிரியர்கள் தாள் திருத்தும் நாள், பள்ளி இல்லை. பள்ளி இல்லாத நாட்களில் இன்ஷா லிட்டில் இந்தியாப் பக்கம் தேக்காவில் அவள் வாப்பாவின் கடையில் இருப்பாள். ரக்ஷனா ரயிலேறினாள். முக்கால்வாசி இருக்கை காலியாக இருந்தும் ஊட்ரம் பார்க் வரை நின்றுகொண்டே போனாள். அங்கே மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கியபோது மணி இரண்டு இருபது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில், அத்தரும் பயணப்பெட்டியும் விற்கும் கடை. இன்ஷாவின் வாப்பா அஹமது கபீர் ஜும்மா தொழுகைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். கல்லாவில் இன்ஷாவின் உம்மா சம்சுன்னிசா, பக்கத்தில் ஒரு பெட்டி லட்டு.

“வாம்மா, நல்ல நேரத்துல வந்தே. இவளுக்கு எடுத்துச் சொல்லு. முப்பத்தெட்டாம்! ஊர்ல எல்லாருக்கும் அப்படிச் சொல்லு, சரிதான். பெத்தவகிட்டயுமா? நான் லட்டே வாங்கி வச்சாச்சு.”

இன்ஷா பெட்டிகளுக்கு நடுவில், மிகப் பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“ஏன்டி ஃபோன் எடுக்கல?”

“எடுத்தா நீயும் எண்பதுன்னு சொல்லுவே. ஷீட்ல போட்டுட்டியே.”

“இல்லையா பின்னே?”

“ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு இருந்துச்சுடி. சேர்த்துத் திருப்பிட்டேன். நடுவுல இருந்த நாப்பது மார்க்கும் போச்சு. வெளியில வந்து நீங்க எல்லாரும் அந்த முக்கோணத்தைப் பத்திப் பேசுறீங்க. எந்த முக்கோணம்னு எனக்குப் புரியவே இல்ல.”

“நெஜமாவா?”

“பாத்தியா, நீயும் அதேதான் கேக்கிறே.”

போன தடவை இன்ஷா அழுதபோது ஒரு கண்ணால் அழுது மறு கண்ணால் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை இரண்டு கண்ணும் அழுதன. முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டுதான். முப்பத்தெட்டை முப்பத்தெட்டால் வகுத்தால் ஒன்று. ரக்ஷனாவின் இரண்டு புள்ளி ஒன்று அந்தக் கடையிலேயே செத்து விழுந்தது.

மணி இரண்டு நாற்பது. குழுவில் அவசரமாகத் தட்டினாள். ‘ஷீட் தப்பு. கட்-ஆஃப் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. ஏ-மேத்ஸ் வேணும்னா போடுங்க.’

அனுப்பிய பிறகுதான், நிதீஷ் மாதிரி ஆட்கள் போட்டால் தனக்கே இடம் போய்விடும் என்பது உறைத்தது. அழிக்க விரல் துடித்தது. அழிக்கவில்லை. அழிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

‘நைஸ் ட்ரை லா,’ என்று நிதீஷ் எழுதினான். ‘எங்களை ஏ-மேத்ஸ்ல தள்ளிவிட்டுட்டு, நல்ல பாடத்தையெல்லாம் நீ எடுத்துக்கப் பாக்கிறியா?’

‘நெஜமாத் தப்புடா!’

‘தொண்ணூத்தி நாலரை. அரை மார்க் வரைக்கும் வந்திருக்கு. தப்பான கணக்குல அரை எப்படி வரும்?’

அதற்கு முப்பது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

“நீ என்ன போடப்போறே?” என்று ரக்ஷனா இன்ஷாவைக் கேட்டாள்.

“ஏ-மேத்ஸ். போடலைன்னா ஏன்னு கேப்பாங்க. காரணம் சொன்னா நம்ப மாட்டாங்க. லட்டு வேற வாங்கியாச்சு.”

ரக்ஷனா தன் படிவத்தைப் பார்த்தாள். ஷீட் போய்விட்டது, அளவு போய்விட்டது. கையில் மிஞ்சியது சொந்த அறுபத்து மூன்று மட்டும். பழையதை அழித்து ஏ-மேத்ஸைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஐம்பத்தேழுக்கு அனுப்பினாள். கால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கல்லாவில் அத்தர்ப் புட்டிகள் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன.

செவ்வாய்க்கிழமை கணிதத் துறைத் தலைவர் சிவகாமசுந்தரி டீச்சர் மண்டபத்தில் மைக்கைப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார்.

“ஏ-மேத்ஸுக்கு எண்பது இடம். கேட்டவர்கள் எழுபத்தேழு பேர். இந்தப் பள்ளியில் இப்படி நடந்ததே இல்லை. ஆகவே கேட்ட எல்லாருக்கும் இடம் உண்டு. கடைசி மதிப்பெண்…” மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். “முப்பத்தெட்டு.”

மண்டபம் முழுவதும் திரும்பி ரக்ஷனாவைப் பார்த்தது. எழுபத்தொன்பது வாங்கியும் ஏ-மேத்ஸுக்கு வெளியே நின்றுவிட்ட நிதீஷ் கடைசியாகத் திரும்பினான்.

“தொண்ணூத்தி நாலரைன்னியே!”

“தப்புன்னும் சொன்னேனே.”

“அதை யாரு நம்புவா?”

சம்சுன்னிசா அன்று தேக்காவில் பாதிச் சந்துக்கு லட்டுக் கொடுத்தார். எண்பதே இடம், அதில் ஒன்று என் மகளுக்கு, இவள் என்னடாவென்றால் முப்பத்தெட்டு என்று கதை விட்டுக்கொண்டிருந்தாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். கட்-ஆஃப் என்ன என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ரக்ஷனாவின் தாள் கடைசியாக வந்தது. அவள் தனக்கு அள்ளிப் போட்டுக்கொண்ட வழிமுறை மதிப்பெண்களை டீச்சர் ஒன்றுகூடப் போடவில்லை. மேல் மூலையில் சிவப்பில் நாற்பத்தெட்டு. நிதீஷும் மற்றவர்களும் பயந்து ஒதுங்காமல் இருந்திருந்தால் அவள் இந்நேரம் மிச்சத்தில் இருப்பாள். தாளை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்தாள். பதினாறாக மடிக்கப் பார்த்தபோது கைப்பேசி அடித்தது.

“கிடைச்சுதா?” என்றார் கண்மணி.

“ஏ-மேத்ஸ் கிடைச்சிருச்சும்மா.”

“முருகா! மார்க் எவ்வளவு?”

“நாப்பத்தெட்டு.”

மறுமுனையில் ஜன்னல் சாத்தும் ஓசை கேட்டது. கண்மணி குரலைத் தாழ்த்தினார்.

“பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

“யாரும் இல்லம்மா.”

“அப்ப என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுடி.”