ஸ்ட்ரெதம் ஏற்றத்தில் ரொறன்ரோக்காரர்

ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்தே றெஜினோல்ட் லண்டன் குளிரை ஒரு குளிராக மதிக்கவில்லை. தங்கை டொலறஸின் மகள் ஷெறினுக்குக் கல்யாணம், அதற்காகத்தான் வந்திருந்தார். மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் அவர் மட்டும் வந்தார். ஸ்ட்ரெதமில் ஏற்றமான ஒரு தெருவின் உச்சியில் டொலறஸின் வீடு. வீட்டில் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, இவர் அரைக்கைச் சட்டையோடு பின்வளவில் நின்று தேத்தண்ணி குடிப்பார்.

"உங்களுக்குக் குளிரேல்லையோ, மச்சான்?" என்று டொலறஸின் கணவன் எட்வேட் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

"இதைக் குளிர் எண்டு சொன்னால் எங்கடை பக்கத்திலை சிரிப்பினம்" என்று தொடங்குவார். மீசையில் மூச்சு உறைந்த கதை வரும். கதவைத் திறந்தால் பனி நெஞ்சளவு நின்ற கதை வரும். எந்தக் கதை வந்தாலும் முடிவு ஒன்றுதான்: "முப்பது விண்டர் கார் ஓடியிட்டன் எட்வேட். ஒருக்காலும் சறுக்கினதில்லை. எல்லாம் கைப்பழக்கம்."

அது பொய்யில்லை. உண்மையாகவே அவர் ஒருமுறைகூடச் சறுக்கியதில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் சொந்தக்காரர்களுக்குள் பனிநாளில் விமான நிலையம் போகவேண்டுமென்றால் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அந்தப் பெயரை அவர் ஒரு பதக்கத்தைப்போலக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஒரேயொரு குறை. லண்டனில் அதைக் காட்ட வழியில்லாமல் இருந்தது. வந்த நாளிலிருந்து தூறலும் இருட்டும்தான்.

கல்யாணத்தன்று காலையில் எழும்பித் திரைச்சீலையை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். தெரு முழுக்க வெள்ளை. வேலியெல்லாம் தடித்துப்போய் நின்றது. பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் அடி விழும், ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது.

கீழே வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. மணப்பெண்ணுக்குப் பேசியிருந்த நீளமான வெள்ளைக் கார்க்காரர்கள், ஏற்றத்தில் ஏற மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். பக்கத்து ஊரான மிட்சமிலிருந்து வரவேண்டிய அலங்காரக்காரி துசியந்தி போன் எடுக்கவில்லை. டொலறஸ் தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மாடிப்படியில் இரவுக் கவுனோடு குந்தியிருந்த ஷெறின் மட்டும் அமைதியாக டோஸ்ட் தின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை வராட்டி ஆர் சீலை உடுத்துறது? ஆர் தலை கட்டுறது? பதினொரு மணிக்குச் சேர்ச்சிலை பூசை!" என்றார் டொலறஸ்.

"ரெண்டு இஞ்சுப் பனிக்கு ஏன் இந்தப் பாடு?" என்று கோட்டுப் பொத்தானைப் பூட்டியபடி இறங்கி வந்தார் றெஜினோல்ட். கல்யாண உடுப்பை அதற்குள் போட்டு முடித்திருந்தார். "எட்வேட், கார்த் திறப்பைத் தாரும். நான் போய் அந்தப் பிள்ளையை ஏத்திக்கொண்டு வாறன்."

எட்வேட் தயங்கினான். கார் புதிது. கறுப்பு, பெரியது; பின்சக்கரங்கள் தள்ளி ஓடும் வகை. சனிக்கிழமை தவறாமல் தன் கையாலேயே அதைக் கழுவித் துடைப்பவன். ஆனால் வேறு வழியும் இல்லை, மனைவியின் பார்வையும் சரியில்லை. திறப்பு கைமாறியது.

"மெதுவா, மச்சான்."

"எனக்கோ சொல்லுறீர்?" என்றார் றெஜினோல்ட்.

வாசலில் நின்ற எல்லோருக்கும் கை காட்டிவிட்டுக் காரை எடுத்தார். தெருவுக்கு இறங்கியதும், பழக்கமான ஒரு பிடிமானம் இல்லாததுபோல ஸ்டியரிங் கையில் லேசாக இருந்தது. வலது பக்க ஸ்டியரிங் என்பதால் அப்படி என்று நினைத்தார். இரண்டு வீடு தாண்டியதும் இறக்கம் தொடங்கியது. பிரேக்கில் மெல்லக் கால் வைத்தார். மிதி காலுக்குக் கீழே படபடவென்று அடித்தது. கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். கார் அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினார். சக்கரம் இடது பக்கம் திரும்பியது, கார் நேரே போனது. பிறகு பின்பக்கம் தானாக ஒரு யோசனை எடுத்து, முன்பக்கத்தை முந்தப் பார்த்தது.

எல்லாம் ஆள் நடக்கும் வேகத்தில்தான் நடந்தது. அதுதான் பெரிய அவமானம். நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நடைபாதையில் அவருக்குச் சமமாக நடந்தபடி, ஜன்னலுக்குள் பார்த்துத் தலையசைத்து வணக்கம் சொன்னார். றெஜினோல்ட்டும் பதிலுக்குத் தலையசைத்தார். வேறென்ன செய்வது? கடைசியில் கார் இரண்டு குப்பைத் தொட்டிகளை உருட்டிவிட்டு, ஒரு வீட்டின் பசுமை வேலிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. வால் பக்கம் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது.

இறங்கினார். இறங்கிய கால் வழுக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டார். வேலிக்கும் காருக்கும் சேதமில்லை என்று பார்த்து நிம்மதியான பிறகு, ஏதோ தோன்றி, குனிந்து டயரைத் தொட்டார். பிளாஸ்டிக் வாளியைப்போல இறுகிக் கிடந்தது. வெட்டுகளுக்குள் பனி அடைத்து, வழவழவென்று பளிங்காக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு நவம்பரும் ஸ்காபரோவில் ஒரு கராஜில் காரை விடுவார். பக்கத்துக் கடையில் ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியும் முடிய, குளிர்கால டயர் மாட்டிக் கார் தயாராக நிற்கும். முடி வெட்டுவதைப்போல அதுவும் ஒரு வழக்கம். அந்த டயரை அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. முப்பது வருஷமாக ஆட்கள் புகழ்ந்த கைப்பழக்கம், இந்தா, கை இருக்கிறது; பழக்கத்தைக் காணவில்லை.

"கடவுளே, எல்லாம் றப்பருக்குச் சேரவேண்டிய பேர்" என்று வாய்விட்டே சொன்னார்.

அந்த நேரம் கீழேயிருந்து ஒரு சின்னச் சிவப்புக் கார் ஏறி வந்தது. அவசரமில்லாமல், உறுமாமல், வெயில்நாளில் கடைக்குப் போவதுபோல வந்தது. அவருக்குப் பக்கத்தில், ஏற்றத்தின் நடுவிலேயே, நின்றும் விட்டது. ஜன்னல் இறங்கியது.

"டொலறஸ் அக்கான்ரை கனடா அண்ணையோ?" என்று கேட்டாள் ஓட்டிவந்த பெண். பின்சீற்று முழுக்கச் சீலைப் பெட்டிகளும் பூச்சரங்களும். "நான் துசியந்தி. வண்டி ஓடேக்கை போன் எடுக்கமாட்டன். நீங்கள் என்ன செய்யிறியள் இஞ்சை?"

"உம்மை ஏத்தத்தான் வந்தனான்" என்றார் றெஜினோல்ட்.

துசியந்தி வேலிக்குள் கிடந்த காரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாயைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சரி, ஏறுங்கோ. நான் உங்களை ஏத்துறன்."

பூச்சரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். கார் ஒரு சின்னக் குலுக்கலும் இல்லாமல் மறுபடி கிளம்பியது.

"விண்டர் டயரோ?" என்று கேட்டார் றெஜினோல்ட்.

"நாலும். போன முறை ஸ்நோ விழேக்கை வட்டமாச் சுத்தி டிராம் பாதைக்குப் பக்கத்திலை போய் நிண்டனான் அண்ணை, ஒரு பொம்பிளையின்ரை கூறைச் சீலையோடை. அண்டைக்கே முடிவெடுத்திட்டன். என்ரை மனிசன் சொன்னார், லண்டனிலை ஆரும் இதுக்குச் செலவழிப்பினமோ, வேணுமெண்டால் முன்னுக்கு ரெண்டைப் போடு எண்டு. முன்னுக்கு ரெண்டைப் போட்டால் பின்பக்கம் ஆருக்குச் சொந்தம்? நான் கேக்கேல்லை. இப்ப அவர் தன்ரை காரிலை வேலைக்குப் போக ஏலாமல் கட்டிலிலை கிடக்கிறார்." அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். "உங்கடை நாட்டிலை இது எல்லாருக்கும் தெரியும்தானே?"

"ஓம்" என்றார் றெஜினோல்ட், பூச்சரத்தைப் பார்த்தபடி. "எல்லாருக்கும் தெரியும்."

வீட்டு வாசலில் கைதட்டாத குறை. டொலறஸ் துசியந்தியை இழுக்காத குறையாக மாடிக்குக் கூட்டிப் போனார். எட்வேட் மட்டும் தெருவை எட்டிப் பார்த்தான்.

"மச்சான், என்ரை கார் எங்கை?"

"கீழை பார்க் பண்ணியிருக்கிறன்" என்றார் றெஜினோல்ட். "ஏத்தம்தானே. இருக்கட்டும் எண்டு."

இப்படிச் சொன்னபோது அவருக்கே காது சூடானது. மேலே தலை கட்டும் நேரத்துக்குள் பனி கரைந்துவிடும், சத்தமில்லாமல் போய்க் காரை எடுத்துவிடலாம் என்று நம்பினார். போய் எடுக்க இரண்டு தரம் வாசல்வரை வந்தார். இரண்டு தரமும் டொலறஸ் ஒரு வேலை சொன்னார். பனியோ கரைகிற எண்ணத்தில் இல்லை.

ஷெறின் வெள்ளைச் சீலையும் தலையில் நீண்ட நெட்டு முக்காடுமாக இறங்கி வந்தபோது எல்லோருக்கும் கண் கலங்கியது. கலங்க நேரமில்லை என்றாள் துசியந்தி. சிவப்புக் காரிலேயே போவது என்று முடிவானது. பின்னால் பெண்ணும் தாயும், முன்னால் எட்வேட். நெட்டுக்கே ஓர் ஆளின் இடம் வேண்டியிருந்தது. "நான் நடந்து வாறன்" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு முன்பே றெஜினோல்ட் விறுவிறுவென்று கீழே இறங்கினார். விறுவிறு என்பது இரண்டு வீடுவரைதான். பிறகு ஒவ்வொரு கேற்றாகப் பிடித்துப் பிடித்துப் போனார்.

கீழே பார்த்ததும் ஒரு கேற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். தெருவில் நீட்டிக்கொண்டிருந்த கறுப்புக் காரின் வாலில் இடிக்காமல் விலகப் பார்த்து, ஒரு பார்சல் வான் குறுக்கே சறுக்கி நின்றது. வானில் இடிக்காமல் விலகப் பார்த்த ஒரு சின்ன நீலக் கார் நடைபாதையில் ஏறி நின்றது. வான்காரன் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து, சக்கரத்துக்குக் கீழே இருந்த பனியைக் கண்ணாடியாக்கிக்கொண்டிருந்தான்.

பின்னால் சிவப்புக் கார் பூனைபோல வந்து நின்றது. துசியந்தியின் நாலு டயரும் எவ்வளவு பிடித்தாலும் வானுக்கு மேலால் பறக்க முடியாதே.

எட்வேட் இறங்கினான். தன் காரைக் கண்டான்.

"மச்சான்! இதையோ பார்க் பண்ணினதெண்டு சொன்னனீங்கள்?"

றெஜினோல்ட் அவனருகே வந்தார். "சறுக்கிப் போச்சு, எட்வேட். என்னாலை நிப்பாட்ட ஏலாமல் போச்சு. இந்த அடைப்பும் என்னாலைதான்." கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார். "பேச்சைப் பிறகு வையும். முதலிலை ஒரு கை தாரும்."

சொல்லிவிட்டதும் மனம் லேசாகிவிட்டது. அதன்பிறகு அவருக்குத் தெரிந்த வேலை ஒன்று இருந்தது. குளிர்கால டயர் போடாமல் சிக்கிக்கொண்ட ஆட்களின் காரைத் தள்ளிவிடுவது. ரொறன்ரோவில் அதை மட்டும் அவர் உண்மையாகவே கையால் செய்திருக்கிறார். வான்காரனை மிதிப்பதை நிறுத்தச் சொன்னார். எல்லாக் கார்களிலிருந்தும் கால்மிதி விரிப்புகளை உருவி, சக்கரங்களுக்குக் கீழே சொருகினார். இரண்டாம் கியரில் போடச் சொன்னார். எட்வேட்டும், நீலக் கார்ப் பெண்ணும், நாய்க்காரக் கிழவரும் சேர்ந்து தள்ள, வான் முக்கி முனகி ஓரம் போனது. நீலக் கார் அதன் பின்னால் போனது. கடைசியாகக் கறுப்புக் கார்.

"மெல்ல! முட்டைக்கு மேலை கால் வைக்கிற மாதிரி மிதியும்!" என்று முன்கதவோரம் நின்று பின்னுக்குத் தள்ளியபடி கத்தினார். எட்வேட் அவசரத்தில் மிதித்தான். பின்சக்கரம் சுழன்று, றெஜினோல்ட்டின் வெள்ளைச் சட்டையில் முழுச் சேறும் பனியும் வந்து இறங்கியது. சிவப்புக் காரின் ஜன்னலால் கையை நீட்டி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஷெறின், "மாமா! சூப்பர்!" என்று கூவினாள். டொலறஸ் அவளை உள்ளே இழுத்தார். "தலை, தலை! தலை குலையுது!"

இரண்டாம் முயற்சியில் கார் வேலியை விட்டு வெளியே வந்து ஓரத்தில் அடங்கியது. எட்வேட் அதைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை. மச்சானின் சட்டையைப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கியவன், சிவப்புக் காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் சிரித்துக்கொண்டே போனான்.

பெரிய தெருவில் கவுன்சில் உப்புப் போட்டிருந்ததால் பஸ் ஓடியது. றெஜினோல்ட் சேற்றுச் சட்டையை மறைத்துக் கோட்டைப் பூட்டிக்கொண்டு, ஈரச் சப்பாத்தோடு மிட்சம் தேவாலயத்துக்குப் பஸ்ஸில் போனார். பூசை பாதி முடிந்திருக்கும் என்று நினைத்து ஓடினார். அங்கே மணப்பெண் முன்வரிசையில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை றொஜன், கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து குடும்பத்தோடு ரெயில் மாறி மாறி வந்துகொண்டிருந்தான். அரை மணித்தியாலம் கழித்து, டிராமால் இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் பலகாரத் தட்டுகளோடு பனியில் வரிசையாக நடந்து வந்தபோது, வாசலில் நின்று வரவேற்றது மணப்பெண்தான். சாமியார் உட்பட எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். கல்யாணம் அந்தச் சிரிப்போடேயே நடந்து முடிந்தது.

பின்னேரம் மண்டபத்தில் ஆண்கள் பாதிப்பேர் துசியந்தியைச் சுற்றி நின்று டயர் விசாரித்தார்கள். றப்பர் குளிரில் இறுகாது, நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்வும், வெயில் வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்துபோகும் என்று அவள் பாடம் நடத்திக்கொண்டே, அலங்கார விளம்பர அட்டையையும் ஒவ்வொருவர் கையிலும் திணித்தாள். எட்வேட் தனக்கு நாலு ஓடர் பண்ணிவிட்டதாகச் சொன்னான்.

றெஜினோல்ட்டின் போன் அடித்தது. ரொறன்ரோவில் மனைவி. ஷெறின் பிடித்த படம் குடும்ப வாட்ஸ்அப்பில் கல்யாணப் படங்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது.

"என்னப்பா, அங்கை போயும் ஆக்களின்ரை காரைத் தள்ளிக்கொண்டு நிக்கிறியள்?" என்று அவர் பெருமையாகக் கேட்டார். "இஞ்சை எல்லாரும் சொல்லுகினம், றெஜியாலைதான் கலியாணம் நடந்தது எண்டு."

அப்படியே விட்டிருக்கலாம். அவர் மண்டபத்தின் ஒரு மூலைக்குப் போய் நின்றார்.

"இஞ்சேர், முழுக்கக் கேளும். முதலிலை சறுக்கினதே நான்தான்" என்று தொடங்கி, குப்பைத் தொட்டி, வேலி, கூடவே நடந்துவந்து வணக்கம் சொன்ன கிழவர் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். மறுபக்கம் சிரிப்பு வந்தது. அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டிய அளவுக்குச் சிரிப்பு.

"ஐயோ, முழங்கால் நோகுதப்பா, நிப்பாட்டுங்கோ" என்று மூச்சு வாங்கினார் மனைவி. "அந்தக் கிழவர் என்ன மாதிரித் தலையாட்டினவர்? இன்னொருக்காச் சொல்லுங்கோ."

றெஜினோல்ட் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்து, முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்.