வரவேற்புக்கு வெட்டிய ரஸ்தாளி

நொச்சிக்கரையில் கோதாவின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. உதவித் தோட்டக்கலை அலுவலராக அவள் அந்த ஊருக்கு வரத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கொள்ளிடம் பாலம் தாண்டி வருவாள். வாழைக்குள் குனிந்து போவாள், இலையைத் திருப்பிப் பார்ப்பாள், நிமிர்ந்து வெளியே வருவாள். யாராவது கேள்வி கேட்டால் பதிலும் சொல்வாள். அது பக்கத்து வாழைக்குக் கேட்கும், கேட்டவருக்குக் கேட்காது.

“மேடம் பேசுறாங்க, மோட்டாரை நிறுத்துங்கப்பா” என்பார் காஜா மைதீன்.

காஜா மைதீனுக்கு இரண்டு சொத்து. ஒன்று ஆற்றோரத்து வாழை நிலம். இன்னொன்று பந்தயக் குதிரை. வாங்கியபோது அதற்கு ராக்ஃபோர்ட் என்று ரயிலின் பெயரை வைத்தார். பிறகு பல காரணங்களால் சுற்று வட்டாரத்தில் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கிடைக்காமல் போனது. ஓடுவதற்கு இடமில்லாமல் குதிரை நின்ற இடத்திலேயே தின்று கொழுத்தது. ஊர் அதைப் பாசஞ்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது. கூப்பிட்டால் அதுவும் திரும்பிப் பார்த்தது.

நிலத்தின் கதை இன்னும் மோசம். நொச்சிக்கரை ரஸ்தாளிக்குப் பேர் போன ஊர். வாடல் நோய் வந்தது. இலைகள் பழுத்து, மடங்கி, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோலத் தொங்கின. குலை தள்ளும் முன்பே மரங்கள் செத்தன. ஒவ்வொருவராக ரஸ்தாளியைக் கைவிட்டார்கள். நோயைத் தாங்கும் ஒரு புது ரஸ்தாளி வகையை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வாங்கிவந்து சோதனைக்கு நடலாம் என்று கோதா சொன்னபோது, நோய் விழுந்த தன் வயலிலேயே ஒரு மூலையைக் கொடுத்தவர் காஜா மைதீன் மட்டும்தான். அவள் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை என்றும், சும்மா தலையாட்டி வைத்தார் என்றும் அவர் மனைவி சுராயா சொல்வாள்.

அந்த மூலையில் ஆறு மரங்கள் குலை தள்ளின. சுற்றிலும் பழைய ரஸ்தாளி வாடி நிற்க, நடுவில் இந்த ஆறும் கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல நின்றன. கோதா ஒவ்வொரு குலைக்கும் முட்டுக் கொடுத்து நீல நைலான் கயிற்றால் கட்டினாள். தூக்கத்தில் கேட்டால்கூட எந்தக் குலையில் எத்தனை சீப்பு என்று சொல்வாள், மெதுவாக.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து நலிந்த ஊரகத் தொழில்கள் கண்காணிப்புக் குழு வருவதாகத் தகவல் வந்தது. வாழையும் நலிந்தது, குதிரைப் பந்தயமும் நலிந்தது. எனவே ஒரே ஜீப்பில் வந்து இரண்டையும் பார்த்துவிடலாம் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். குழு ‘தொடரலாம்’ என்று எழுதினால் ஆறு மரங்களின் பக்கக் கன்றுகளை எடுத்து ஊருக்கே கொடுக்கலாம். ‘நிறுத்தலாம்’ என்று எழுதினால் அந்த மூலையை உழுதுவிட வேண்டும். நொச்சிக்கரையில் ரஸ்தாளி அத்தோடு சரி.

“நலிஞ்சதையெல்லாம் பார்க்க வர்றாங்களா?” என்றாள் சுராயா. “அப்ப எங்க வீட்டுக்காரரையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க மேடம்.”

குழு வரும் நாள் காலையில் கோதா கண்ணாடி முன் நின்று “வணக்கம் சார்” என்று சொல்லிப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து அம்மா, “யாரது, ஏதாவது சொன்னியா?” என்றாள். நல்ல அறிகுறி என்று கோதா நினைத்துக்கொண்டாள்.

நொச்சிக்கரை எல்லையில் பந்தல் போட்டிருந்தார்கள். ‘வருக வருக’ பேனர். இரண்டு பக்கமும் குலையோடு வாழை மரம். ஸ்கூட்டரை மெதுவாக்கி, என்ன அருமையான குலை, இப்படி ரஸ்தாளி இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள். அப்புறம்தான் குலையில் தொங்கிய நீலக் கயிற்றைப் பார்த்தாள்.

ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமலே இறங்கினாள். அது சாய்ந்து விழுந்தது.

பந்தல்காரர் அருள்ராஜ் ஏணியில் நின்றபடி, “பாத்து மேடம், பாத்து!” என்றார்.

“இது... எங்கேர்ந்து வெட்டினீங்க?”

“என்ன மேடம்?”

“எங்கேர்ந்து!” இந்த முறை பந்தலுக்கு வெளியே நின்ற காஜா மைதீனுக்கே கேட்டது. அவர் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு வந்தார்.

“நம்ம மூலையிலேர்ந்துதான் மேடம். ஆபீசர் வர்றாரு, நல்ல குலையா பாத்துக் கட்டுன்னு நான்தான் அருள்ராஜ்கிட்ட சொன்னேன். ஊர் பூரா தேடிட்டான். வேற எங்க இருக்கு நல்ல குலை? பந்தலுக்கு ரெண்டு, மேடைக்கு ரெண்டு, குதிரைக் கொட்டகை வாசலுக்கு ரெண்டு.”

“பாய், அவர் பார்க்க வர்றதே அந்த மரத்தைத்தான்.”

காஜா மைதீனின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் பந்தலைப் பார்த்தார், குலையைப் பார்த்தார், அருள்ராஜைப் பார்த்தார். “யா அல்லா” என்றார்.

“நான் அப்பவே கேட்டேன்ல அண்ணே?” என்றார் அருள்ராஜ் ஏணியிலிருந்து. “இது கவருமென்டு மரமாச்சேன்னு. நீங்கதான், வர்றதும் கவருமென்டுதானே, அவங்க மரம் அவங்களுக்கேன்னு சொன்னீங்க.”

விஷயம் கேட்டு சுராயா வந்தாள். கணவனை மேலும் கீழும் பார்த்தாள். “பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பொண்ணையே சமைச்சு வெச்ச மாதிரி பண்ணியிருக்கீங்க” என்றாள்.

குழுவின் ஜீப் சமயபுரம் தாண்டிவிட்டதாக போன் வந்தது.

“ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார் அருள்ராஜ். பந்தல்காரருக்கு உலகத்தில் எதையும் நிறுத்திவைக்க முடியும் என்ற நம்பிக்கை உண்டு. “மரத்தைத் தூக்கிட்டுப் போய் வெட்டுன இடத்துலயே நட்டமா நிறுத்திருவோம். முட்டுக் கம்பு அங்கேயேதான் இருக்கு. நான் பின்னாடி பிடிச்சுக்கிறேன். சென்னைக்காரருக்கு என்ன தெரியப் போகுது?”

“வேண்டாம்” என்றாள் கோதா. “பொய்யாயிடும். உள்ளதைச் சொல்லிடலாம்.”

அவள் சொன்னது மறுபடியும் பழைய குரலில் வந்தது. அதற்குள் மரங்கள் தோளேறிவிட்டன. ஆறு ரஸ்தாளிகளும் சாமி புறப்பாடு போல ஆடி ஆடி வயலுக்குத் திரும்பின. கோதா பின்னாலேயே “வேண்டாம், வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். வழியில் குதிரைக் கொட்டகை. பாசஞ்சர் தலையை உயர்த்தி மூக்கை விரித்தது. அதன் வாசலில் காலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த தீனியை யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

குழு என்று வந்தது ஒரே ஆள். மற்றவர்களுக்குத் தேர்தல் பயிற்சி வகுப்பு. வந்தவர் இணை இயக்குநர் ரகுராம். பட்டுப்புழுப் பிரிவிலிருந்து போன மாதம்தான் மாற்றலாகியிருந்தார். வாழையும் புதிது, குதிரையும் புதிது. ஆனால் மனிதர் கண்ணில் படுவதை விடாதவர்.

“பந்தல்ல ஏதோ குறையுதே” என்றார் இறங்கியதும்.

“எளிமையா பண்ணியிருக்கோம் சார்” என்றார் காஜா மைதீன்.

வயல் மூலைக்கு வந்தார்கள். ஆறு மரங்களும் நின்றன. அருள்ராஜும் அவர் ஆட்களும் சருகுக்குப் பின்னால் மறைந்திருந்தார்கள். ரகுராம் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனார். கோதா அவருக்கும் மரத்துக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“சார்...”

“தள்ளி நில்லும்மா, நீ படத்துல விழறே.”

“சார், இந்த மரம்...”

“சத்தமா சொல்லும்மா.”

கோதா வாயைத் திறந்தாள். அவள் பேசுவதற்குள் பாசஞ்சர் வந்துவிட்டது. கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருந்தது. அந்த ஊரில் பல வருடங்களாக அது அவ்வளவு வேகமாக நடந்ததை யாரும் பார்த்ததில்லை. நேராக முதல் மரத்துக்குப் போய் குருத்திலையைக் கவ்வி ஒரு இழு இழுத்தது. மரம் வேர் இல்லாமல், கிழங்கு இல்லாமல், எந்தச் சிரமமும் இல்லாமல் கூடவே போனது. பின்னால் குத்துக்காலிட்டிருந்த அருள்ராஜ், பிடித்த பிடியை விடாமல் ரகுராமின் காலடியில் வந்து விழுந்தார்.

“வணக்கம் சார்” என்றார் தரையிலிருந்து.

மற்ற ஆட்கள் பயந்து கையை விட்டார்கள். ஐந்து மரங்களும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்தன.

ரகுராம் விழுந்த மரங்களைச் சுற்றி வந்தார். அப்புறம் குனிந்து, வெட்டுப்பட்ட அடிக்கட்டையைப் பார்த்தார். அது பழுப்பேறி இருந்தது. அவர் முகம் இறுகியது.

“வாடல் நோய் வந்தா உள்ளே சிவந்து பழுப்பா இருக்கும்னு வர்ற வழியில படிச்சேன். இது என்ன? நோய் விழுந்த மரத்தை வெட்டிப்போட்டு, நின்ன மாதிரி நாடகமா? இதை நிறுத்தலாம்னு எழுத வேண்டியதுதான்.”

காஜா மைதீன் தலையைக் குனிந்துகொண்டார். பாசஞ்சர் மட்டும் மென்றுகொண்டிருந்தது.

அந்தப் பழுப்பு நோயில்லை என்று கோதாவுக்குத் தெரியும். இந்த வயலில் வேறு யாருக்கும் தெரியாது. வேறு யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தாள். வாழைகள்தான் நின்றன. அவற்றுக்கும் வாய் இல்லை.

“அரிவாள் குடுங்க!” என்றாள்.

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரகுராம் ஓரடி பின்னால் போனார்.

“சார், வாழைக்காயை நறுக்கி வெச்சா கறுத்துடறதில்லையா? அதே மாதிரிதான் இது. விடியக்காலம் வெட்டினது, காத்துப் பட்டுப் பழுப்பாயிருக்கு. மேலே மட்டும்தான். உள்ளே பாருங்க.”

அடிக்கட்டையை மண்ணோடு ஒட்ட, கிழங்கு வரை ஒரே வெட்டு வெட்டினாள். வெட்டிய முகம் தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக இருந்தது. அடுத்ததை வெட்டினாள். வெள்ளை. ஆறும் வெள்ளை. பிறகு வரப்புக்கு அந்தப்பக்கம் வாடி நின்ற பழைய ரஸ்தாளி ஒன்றை அடியோடு சாய்த்தாள். அதன் கிழங்கில் சிவப்பு வளையங்கள் ரத்தம் கட்டினதுபோலத் தெரிந்தன.

“ஒரே மண்ணு சார், ஒரே தண்ணி. இது செத்துண்டிருக்கு. அது குலை தள்ளியிருக்கு. உள்ளே வெட்டிப் பார்த்தாத்தான் நிச்சயமாத் தெரியும். ஆனா குலையோட நிக்கிற மரத்தை வெட்டுன்னு நான் எப்படிக் கேக்கறது? எனக்கு வாய் வரலை. இவங்க அன்பா வெட்டிட்டாங்க. மரத்தைத் திரும்ப நிறுத்தினது தப்பு சார். நான் வேண்டாம்னு சொன்னேன், யாருக்கும் கேக்கலை. ஆனா மரம் பொய் சொல்லலை. கன்னெல்லாம் அப்படியே இருக்கு, பாருங்க.”

மூச்சு வாங்க நின்றாள். பக்கத்து வயலில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. அந்த வயல்காரர் வரப்பில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மோட்டார் ஓடுறப்பவே கேட்டுச்சு மேடம்” என்றார் அவர்.

ரகுராம் வெள்ளைக் கிழங்கையும் சிவப்புக் கிழங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். விழுந்து கிடந்த குலைகளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். அருள்ராஜ் தூக்கி, முகம் சுளித்து, இறக்கினார். எடைக்கு அதுவே போதுமான சான்றாக இருந்தது.

“தொடரலாம்” என்றார் கடைசியில். “ஆனா இப்படி நிறுத்திவைக்கிற வேலை இனிமே கூடாது. இன்னொரு தடவை நடந்தா வாழையை விட்டுட்டு உங்களைத்தான் எழுதுவேன்.”

“வாழையடி வாழையா நினைவு வெச்சுக்குவோம் சார்” என்றார் அருள்ராஜ், சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே.

“அப்ப குதிரை சார்?” என்றார் காஜா மைதீன்.

ரகுராம் பாசஞ்சரைப் பார்த்தார். அது இரண்டாவது குருத்துக்குப் போயிருந்தது. “இது நலிந்த தொழிலா?” என்றார். “பார்த்தா அப்படித் தெரியலையே. மிருக டாக்டர் வந்து பார்க்கட்டும்.”

ஆணை அடுத்த மாதம் வந்தது. முதலில் காஜா மைதீன்தான் போன் செய்தார். கோதா ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்றிருந்தாள்.

“மேடம், கன்னு எடுக்க ஊரே வரிசையில நிக்குது. ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பாராட்டு விழா வெக்கிறோம். பந்தலெல்லாம் சொல்லியாச்சு.”

“வாசல்ல என்ன கட்டப் போறீங்க பாய்?” என்று அவள் கேட்ட குரலுக்கு, பஸ்ஸுக்காக நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் காஜா மைதீன் போனைக் கையால் மூடிக்கொண்டு கத்துவது கேட்டது.

“டேய் அருள்ராஜு, அந்தக் கன்னை விடுடா! அரிவாளைக் கீழ வை!”