சுருள் தேடும் விரல்

தூக்கம் கெட்ட வீட்டில் பட்டப்பகலும் பாதிக் கனவாகத்தான் நடக்கும். நான் தையல்காரன், முன்னறையில் மெஷின், பின்னறையில் குடித்தனம். கண்ணைத் திறந்துகொண்டே சொக்கிப்போய், ஒருவருடைய சட்டைக் கையை இன்னொருவருடைய சட்டையில் வைத்துத் தைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் வள்ளென்று விழுவேன். எல்லாவற்றுக்கும் காரணம் என் மனைவியின் தலைமுடி என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், உங்கள் வீட்டில் குழந்தை தூங்குகிறது.

அவளுக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. சீப்பு உள்ளே போனால் ஆள் அனுப்பித்தான் தேட வேண்டும். எங்கள் மகள் உருண்டை (வைத்த பெயர் வேறு, ஆனால் அந்தக் கன்னத்தைப் பார்த்தால் நீங்களும் இப்படித்தான் கூப்பிடுவீர்கள்) பிறந்ததிலிருந்து அந்த முடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். ஆட்காட்டி விரலை ஒரு சுருளுக்குள் விட்டு மெதுவாகச் சுற்றுவாள். விரல் நின்றுவிட்டால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். தாலாட்டு, தொட்டில் எதுவும் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

என் மனைவி பள்ளிக்கூட நாளிலிருந்து 'காக்காக் கூடு' என்று கேலி கேட்டு வளர்ந்தவள். ஒரு தடவையாவது காற்றில் பறக்கிற முடி வேண்டும் என்று ஆசை. முன்பு அழகு நிலையத்தில் வேலை பார்த்த என் அக்காதான் மருந்து தடவி, சூட்டுக் கம்பியால் இழுத்து, அந்த ஆசையை நிறைவேற்றி வைத்தாள். முடி விழுந்தது பாருங்கள், இடுப்புவரை! கண்ணாடி முன்னால் நின்றவளுக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

"கட்டாதே, கிளிப் போடாதே, தடம் விழுந்துடும். நான் சொல்ற வரைக்கும் இப்படியே விட்டுடு," என்றாள் அக்கா. அக்கா சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

அன்று படுக்கையில் உருண்டை விரலை நீட்டினாள். சுருள் இல்லை. முடியைச் சுற்றப் பார்த்தாள், நழுவியது. மறுபடி சுற்றினாள், மறுபடி நழுவியது. அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, வீடே அதிர அழுதாள். அதற்குப் பிறகு தாயிடம் தூங்கவே இல்லை. என் தோளில் கொஞ்சம், வெட்டிப் போட்ட துணிக் குவியலில் கொஞ்சம் என்று கண் அயர்வாள். அம்மா தூக்கினால் இரண்டு கையாலும் தள்ளிவிடுவாள்.

இரண்டு மாதம் போனதில் மருந்தின் வேலை தெரிந்தது. அவ்வளவு முடியும் வறண்டு, நுனி பிளந்து, தொட்டால் துடைப்பமாக இருந்தது. என் மனைவிக்கு அதுகூடப் பெரிதில்லை. குழந்தைக்காக எடுத்த லீவு முடிந்து, திங்கட்கிழமை அவள் திரும்ப வேலைக்குப் போக வேண்டும். பகலெல்லாம் குழந்தை அக்காவிடம் இருக்கும்.

"அவளுக்கு என்னைத் தெரியலைங்க," என்றாள். "இந்த லட்சணத்துல நான் வேலைக்கும் போயிட்டா, யாருன்னே மறந்துடுவா."

"அடப் போ, பெத்தவளை மறப்பாளா?" என்றேன். நான் சொல்லும்போதே தோளில் இருந்த உருண்டை அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை அக்கா பை நிறையப் புட்டிகளோடு வந்தாள். சுருட்டையை வீட்டிலேயே திரும்பக் கொண்டுவருவது என்று திட்டம். எனக்கு வெந்நீர் போடும் உத்தியோகம்.

"மருந்து போட்ட முடி பழையபடி ஆகாதுடா, இப்பவே சொல்லிட்டேன்," என்று அக்கா என் காதோடு முணுமுணுத்தாள். "வறட்சியைக் குறைக்கலாம். சுருட்டி விட்டா ஒரு பொழுது நிக்கும், அவ்வளவுதான்."

எனக்குத் தெரியாதா? இஸ்திரியில் பொசுங்கிய துணியை எந்தத் தையல்காரன் மீட்டிருக்கிறான்? ஆனால் இவள் முகத்தைப் பார்த்து அதை யார் சொல்வது.

அக்கா வெதுவெதுப்பான எண்ணெயை நுனியில் தொடங்கி மேலே தடவிக்கொண்டு போனாள். உச்சியில் புதிதாக வளர்ந்தது புஸ்ஸென்று நின்றது. அதையும் எண்ணெய் வைத்து அமுக்கினாள். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டைத் தலையில் சுற்றினோம். ஆவி எழுந்து, ஜன்னல் கண்ணாடி மங்கி, தெரு காணாமல் போனது. எங்கோ ஒரு சைக்கிள் மணி தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. அறை முழுக்க எண்ணெய் வாசனையும் ஈர வெயிலும். என் மனைவி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உருண்டை என் தோளில் கிறங்கிக் கிடந்தாள். நான் நின்றபடியே ஒரு குட்டிக் கனவு கண்டேன். அதிலும் வெந்நீர்தான் போட்டேன்.

அலசிய முடியைத் துண்டால் தேய்க்க அக்கா விடவில்லை. பழைய பனியனால் ஒற்றி எடுத்து, பெரிய பல் சீப்பால் கீழிருந்து சிக்கெடுத்து, கற்றாழைச் சோற்றைப் பூசினாள்.

"சுத்தி வைக்க வழுவழுன்னு ஏதாவது துணி குடுடா. சொரசொரப்பா இருந்தா முடி உடைஞ்சிடும்."

மேசையில் கைக்கு அகப்பட்ட சாட்டின் துணியை நாடா நாடாக வெட்டிக் கொடுத்தேன். ஈர முடியைக் கொத்துக் கொத்தாக அதில் சுருட்டி முடிச்சுப் போட்டாள். பாதி வேலையில்தான் எனக்கு உறைத்தது. அது ஒரு மாப்பிள்ளைக் கோட்டுக்கு வைத்திருந்த உள்துணி. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி! மாப்பிள்ளை கோட்டையா வெட்டினே?" என்றாள் அக்கா.

"கோட் அப்படியேதான் இருக்கு. உள்ளதான் ஒண்ணும் இல்லை."

என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! போகட்டும் என்று மிச்சத்தையும் வெட்டிக் கொடுத்தேன்.

வெயிலில் காயவைத்து, நாடாக்களை அவிழ்த்தபோது முடி சுருள் சுருளாக விழுந்தது. உருண்டை பார்த்தாள். கண் விரிந்தது. என் தோளிலிருந்து தாயிடம் தாவினாள். விரலை விட்டுச் சுற்றினாள். நாங்கள் மூச்சு விடவில்லை.

சுருள் விரலிலேயே தளர்ந்து, நீண்டு, நழுவி விழுந்தது. அடுத்ததைப் பிடித்தாள், அதுவும் நழுவியது. பசிக்கு அவள் அழுது நான் கேட்டிருக்கிறேன். இது ஏமாந்து அழுத அழுகை. தாயின் கன்னத்தில் ஓர் அறை வைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டினாள்.

என் மனைவி முடி மொத்தத்தையும் வாரி முறுக்கி, உச்சந்தலையில் கொண்டையாக்கி, சாட்டின் நாடாவால் இறுக்கிக் கட்டினாள்.

"ஐயோ, கட்டாதே, தடம் விழும்!" என்றேன் பழக்க தோஷத்தில்.

"விழட்டும். இனிமே இது அவ கண்ணுல படவே வேணாம்." சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தாள். "கட்டாதேன்னு நான் சொன்னது மொத நாலு நாளைக்குடா! இன்னுமா கட்டாம இருக்கா?"

"நீ சொல்ற வரைக்கும்னு சொன்னே. அப்புறம் எங்க சொன்னே?"

"சொல்லலையா?"

"சொல்லலை."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. அழுது அழுது துவண்ட உருண்டையைக் கட்டிலில், தாயின் முதுகுக்குப் பின்னால் கிடத்தினேன். தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கொண்டை போட்டதில் என் மனைவியின் பிடரி திறந்து கிடந்தது. அங்கே, மருந்துக்குப் பிறகு முளைத்த முடி, பொடிப்பொடியாக, இறுக்கமாகச் சுருண்டு நின்றது. இத்தனை நாளும் அவிழ்த்துவிட்ட முடி அதை மூடியிருந்திருக்கிறது. உருண்டை விசும்பிக்கொண்டே முதுகோடு ஒட்டி, கையை மேலே ஏற்றினாள். விரல் பிடரியில் போய்த் தடுக்கியது. தயங்கியது. ஒரு சுருளுக்குள் நுழைந்து சுற்றியது.

நழுவவில்லை.

"ஏங்க," என்று சுவரிடம் கிசுகிசுத்தாள் என் மனைவி. "நான் அசையலாமா?"

"மூச்சே மெதுவா விடு."

விசும்பல் குறைந்தது. விரல் சுற்றியது, இன்னும் மெதுவாகச் சுற்றியது, நின்றது.

"தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா."

"என்கிட்டயா?"

"உன்கிட்டதான்."

"என்னைத் தெரியுதுங்க அவளுக்கு," என்றாள். குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று தோள் குலுங்காமல் அழுதாள். தலையணை நனைந்தது.

அக்கா புட்டிகளை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்தாள். வாசலில் நின்று, "இந்தா, நான் சொல்ற வரைக்கும் அந்தக் கொண்டையை அவுக்காதே," என்று ரகசியக் குரலில் அதட்டிவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளைக் கோட்டுக்கு வேறு உள்துணி எடுத்து வைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தேன். மிதியில் காலை வைத்தவன், எடுத்துவிட்டேன். அந்த உள்துணியை முழுக்கக் கையாலேயே தைத்தேன்.