டாங்கி மூடி

காத்தானின் வலது கையை உடைத்த இரும்பு லிவர் என் பட்டறையில் டயர் கழற்றுகிற சாமான். இன்னும் மூலையில்தான் கிடக்கிறது. அதைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, தொடவும் மனசு வரவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். நாமக்கல்லில் சேலம் ரோட்டின் மேல் என் பட்டறை. சென்னியப்பன் பட்டறை என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாத டிரைவர் கிடையாது. என் வேலைக்கு எவ்வளவு பெயரோ அவ்வளவு பெயர் என் வாய்க்கும் உண்டு. கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் நாலு பேரை வைது தீர்த்துவிடுவேன். கண்டுபிடித்துவிட்டால் இன்னும் நாலு பேரை.

அன்று காலை செங்கோட்டையனின் லாரி ஜவ்வரிசி மூட்டை லோடோடு வந்து நின்றது. பதினாறு வயசு வண்டி. ஒன்பது வருஷமாக அதை ஓட்டுகிற காத்தான் இறங்கினான். இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. யார் அடித்தது என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு வண்டியைப் பற்றியே பேசினான்.

டாங்கி நிறைய டீசல் பிடித்துக் கிளம்பினால் புதுச்சத்திரம் தாண்டியதும் இழுவை குறைகிறதாம். திணறித் திணறி நின்றுபோகிறதாம். இறங்கி, டாங்கி மூடியைத் திறந்து, டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்துவிட்டு, என்ஜினுக்கு டீசல் ஏற்றுகிற கைப்பம்பை நாலு தட்டுத் தட்டினால் மறுபடியும் இழுக்கிறதாம். இப்படி மூன்று நடை நின்றுவிட்டது. மூன்றாவது நடையில் செங்கோட்டையனின் மச்சான் கந்தப்பன் பஸ்ஸில் போகும்போது, காத்தான் ரோட்டோரம் டாங்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டான். டீசலை உறிஞ்சி விற்கிறான், வண்டி நின்றது என்பதெல்லாம் சாக்கு என்று போய்ச் சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் அந்த அறை. வண்டியில் கோளாறு இல்லை என்று ஆகிவிட்டால் கை இருக்காது என்றும் செங்கோட்டையன் சொல்லி அனுப்பியிருந்தான்.

"நல்லாப் பாருங்க சாமி. வண்டில ஒண்ணுமில்லீன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. என்ற கைய ஒடிச்சுப்போடுவாருங்க. மூடியத் தொறந்தா ஓடுதுங்க, அதைக் கொஞ்சம் நெனப்புல வெச்சுப் பாருங்க" என்றான்.

எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று ஒரு சத்தம் போட்டேன்.

ஒன்று விடாமல் பார்த்தேன். பில்டரைக் கழற்றிக் கழுவினேன். டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் குழாயை ஊதிப் பார்த்தேன். பம்பு வால்வு, நாசில் எல்லாம் சுத்தம். குழாயில் புகுந்திருந்த காற்றை எடுத்தேன். டாங்கி அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் மேல் ஆயுத பூஜைச் சந்தனம் கட்டைவிரல் கனத்துக்குக் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். தன் வண்டிக்குப் பொட்டு வைக்க செங்கோட்டையன் வேறு ஆளை விடமாட்டான். சந்தனம் வைத்த சாமானைக் கால் படுகிற மண்ணிலோ கிரீஸிலோ போடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால் மூடியைக் கேபினில் சாமி படத்தின் அடியில் வைத்தேன். டாங்கி வாயில் ஒரு கந்தல் துணியைச் சுருட்டிச் செருகினேன்.

அப்படியே லோடோடு ராசிபுரம் வரை போய்த் திரும்பினேன். காத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புதுச்சத்திரம் போகும்போதும் தாண்டியது, வரும்போதும் தாண்டியது. வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. அது ஒழுங்காக ஓட ஓட அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

பட்டறைக்கு வந்து துணியை எடுத்துவிட்டு மூடியைப் போட்டு இறுக்கினேன். செங்கோட்டையனும் கந்தப்பனும் காத்திருந்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்:

"வண்டி சுத்தமுங்க. கோளாறு ஓட்டறவங்கிட்டத்தான்."

இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவன்தான் காலையிலேயே சொல்லியிருந்தானே. எனக்குப் புரியாத கோளாறு ஒன்று உலகத்தில் உண்டு என்று ஒப்புக்கொள்வதைவிட அவன் கை போவது எனக்கு அன்று லேசாக இருந்தது. இதை இப்போது வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

செங்கோட்டையன் துண்டை எடுத்து ஸ்டியரிங் மேல் போட்டான்.

"ஏப்பா, அந்த லிவரை எடு" என்றான்.

என் கை பட்டறையில் பிறந்து வளர்ந்த கை. யார் என்ன சாமான் கேட்டாலும் யோசிக்காமல் எடுத்து நீட்டிவிடும். நீட்டியது.

கந்தப்பன் காத்தானின் பிடரியைப் பிடித்து இழுத்து வந்து, அவன் வலது கையை நான் இரும்பு தட்டுகிற பலகை மேல் வைத்து அழுத்தினான். செங்கோட்டையனின் முதல் அடி மணிக்கட்டுக்கு மேலே விழுந்தது. காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். இரண்டாவது விரல்களில். "நானில்லீங்க, நானில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் மூன்றாவது அடியில் வேட்டியை நனைத்துக்கொண்டு சரிந்தான். விழுந்தவன் வயிற்றில் கந்தப்பன் உதைத்தான். ஒரு திருகு மரை கோணலாக ஏறினால் ஊரைக் கூட்டுகிற என் கோபம் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. செங்கோட்டையன் எனக்குப் பங்காளி முறை. காத்தான் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவ்வளவுதான் காரணம். அவன் பெண்டாட்டி ராசம்மாள் ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மூன்றாம் நாள் டாங்கியை நிரப்பிக்கொண்டு செங்கோட்டையனே வண்டியை எடுத்தான். புதுச்சத்திரம் தாண்டியதும் நின்றுவிட்டது. கந்தப்பன் பஸ் ஏறி வந்து என்னைக் கூட்டிப் போனான்.

உச்சி வெயில். கைப்பம்பைத் தட்டினேன், டீசல் ஏறவில்லை. மூடியத் தொறந்தா ஓடுதுங்க என்று காத்தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே ஓடியது. தண்ணீரில் முங்கி எழுந்தவன் மூச்சு வாங்குவது மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தது.

டீசல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. காற்று வராவிட்டால் டாங்கி டீசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. நான் ஓட்டிப் பார்த்த அன்று டாங்கி வாயில் இருந்தது கந்தல் துணி. துணிக்குள் காற்று போகும். மூடியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. ஓட்டையின் மேல் காய்ந்த சந்தனத்தில் செங்கோட்டையனின் கட்டைவிரல் ரேகை தெளிவாக இருந்தது.

அவனிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். மூடியைப் பார்த்தான். தன் விரலையும் பார்த்தான்.

"இதானா? தொடச்சு மாட்டு, லோடு எறக்கோணும். அவன் என்ன, ஒரு நாளும் டீசல் எடுக்காமயா இருந்திருப்பான்?"

கையில் இருந்த மூடியாலேயே அவன் வாயில் அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. இன்னொன்று அடித்தேன். அதற்குள் கந்தப்பன் பின்னால் வந்து உதைத்துத் தள்ளினான். இரண்டு பேரும் சேர்ந்து என்னை ரோட்டுப் பள்ளத்தில் போட்டு மிதித்தார்கள். ஒரு விலா எலும்பு போயிற்று. அடி வாங்குவது அன்றைக்கு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் போதவில்லை.

மூடியை விடாமல் பிடித்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

காத்தானின் கை தோள் வரை கட்டுப் போட்டிருந்தது. எலும்பு கூடினாலும் விரல் மடங்காது, இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லிவரை எடுத்துக் கொடுத்தது வரை. சொல்லி முடிப்பதற்குள் ராசம்மாள் மூடியைப் பிடுங்கி என் நெற்றியில் அடித்தாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் துடைக்கவில்லை. அவள் மறுபடியும் ஓங்கினாள்.

"குடு அதை" என்றான் காத்தான்.

இடது கையால் வாங்கினான். கட்டைவிரல் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினான். உதட்டில் வைத்து ஊதினான், காற்று போகவில்லை. ராசம்மாளின் கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் குத்திவிட்டு மறுபடி ஊதினான். போயிற்று. போர்வை மேல் சந்தனத் தூள் உதிர்ந்தது.

"மூடியத் தொறந்தா ஓடுதுன்னு சொன்னனுங்களே சாமி" என்றான். அதில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பிறகு மூடியை என்னிடம் நீட்டினான்.

"கொண்டுபோய் வண்டிக்குப் போட்டுருங்க. டாங்கி தொறந்து கெடந்தா தூசி பூந்துரும்."

யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்த என் கை, அதை வாங்க மட்டும் நீளவில்லை.