சாதா பெட்ரோல் ஒத்துக்கொள்ளாது

மாமனாருக்கு நெஞ்சுவலி வந்ததும் மாப்பிள்ளை தன் ஜீப்பை எடுத்தார். எண்பது லிட்டர் டேங்க், ஒருமுறை நிரப்பினால் எழுநூறு கிலோமீட்டர் என்று ஊரையே காது புளிக்க வைத்த வண்டி. மலையிறங்கியதும் வந்த பங்கில் சாதா பெட்ரோல்தான் இருந்தது.

"இதையே போட்டுக்கங்களேன்" என்றாள் மனைவி, பின்சீட்டில் அப்பாவின் தலையை மடியில் தாங்கியபடி.

"சாதாவா? இது என்ன மொபெட்டா? இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடும்னு திரையில காட்டுது. ஆஸ்பத்திரி நாப்பதுதான்."

இறக்கத்தில் உருண்டு வந்ததை வைத்துத் திரை போட்ட கணக்கு அது. அடுத்த மலையின் ஏற்றத்தில், பாதி வழியிலேயே வண்டி நின்றுவிட்டது.

பைக்கில் வந்த கொத்தனார் ஒருவர், கலவை மெஷினுக்கு வாங்கிய பெட்ரோல் கேனை நீட்டினார்.

"இது எந்த கிரேடு?" என்றார் மாப்பிள்ளை.

"பெட்ரோல் சார்! பெரியவருக்கு மூச்சு இழுக்குது, ஊத்துங்க!"

மாப்பிள்ளை ஷோரூமுக்கு போன் போட்டார். காத்திருக்கச் சொல்லி அங்கே பாட்டுப் போட்டார்கள். ஒன்பது நிமிடம் கேட்டார்.

"ஊத்தலாமாம்! ஒரு தடவைன்னா எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாதாம்!" என்று முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

மனைவி அப்பாவின் கண்களை மூடிவிட்டிருந்தாள்.

"இனிமே அவசரமில்லைங்க. நல்ல பெட்ரோலாவே வாங்கிட்டு வாங்க."