நல்லாப் பிடிச்சிட்டுது

சுபாஸ்கரன் செய்கிற வேலையைக் கொக்குவிலில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. காசளவு தங்கத் தகட்டில் நிக்கலை மின்முலாமாகப் படியவைத்து, வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்புவான். அங்கே சைக்கிளோத்திரன் என்ற இயந்திரம் அதன்மேல் புரோத்தன்களை வீசும். நிக்கலில் ஒரு துளி கதிர்வீசும் செம்பாக மாறும். அதை ஊசியில் ஏற்றி, புற்றுநோய் எங்கே ஒளிந்திருக்கிறதென்று பார்ப்பார்கள்.

"நிக்கலைச் செம்பாக்கிறதோ?" என்றார் பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளை. "செம்பு கடையிலை விக்குதே, தம்பி!"

அதோடு விளக்கம் சொல்வதை விட்டான். நாற்பது கடந்த வயது, தனி வீடு, பேச்சுத்துணைக்கு முலாம் தொட்டி. அது குமிழி விடும், இவன் ஓமென்பான்.

கொஞ்ச நாளாக முலாம் உரிந்துகொண்டே இருந்தது. உரிகிற முலாம் புரோத்தன் சூட்டைத் தாங்காது. அன்று காலை தகட்டில் ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்தான். ஒரு துகள்கூட வரவில்லை. அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து அக்கா குணலட்சுமியின் அழைப்பு.

"என்னடா, பிடிச்சிருக்கோ?"

"ஓம் அக்கா! நல்லாப் பிடிச்சிட்டுது. இனி இழுத்தாலும் வராது!"

அக்கா அழுதே விட்டாள். "இந்தா, அவையிட்டைச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டாள்.

அக்காவுக்கு முலாமில் இவ்வளவு பாசமா என்று வட்ஸ்அப்பைத் திறந்தான். முதல்நாள் அக்கா அனுப்பி, பார்க்கப்படாமல் கிடந்தது, இவனுக்குப் பேசுகிற பெண்ணின் படம்: பத்மாசினி, நீர்வேலி, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர்.

உடனே கூப்பிட்டுத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். விஞ்ஞானம்! இவருக்குச் சொன்னால் விளங்குமே. பின்னேரம் ஒரு காரணமுமில்லாமல் சவரம் செய்தான்.

இருட்டுப்பட அக்கா மறுபடி எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"நீ என்ன வேலையெண்டு கேட்டவை, சொன்னன். பிள்ளையின்ரை தாய் வேண்டாமெண்டிட்டா. கதிரியக்கமாம், குழந்தை பிறக்காதாம்."

"இங்கை கதிரியக்கமே இல்லை, அக்கா. வெறும் உலோகம். அங்கை போய்த்தான்..."

"நானும் சொன்னனான். ஆர் கேக்கிறது?"

"ரீச்சரின்ரை நம்பரைத் தாங்கோ. கலியாணத்துக்கில்லை. விளங்கப்படுத்தத்தான்."

"விடடா, தம்பி."

விட்டான். சோற்றைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, படத்திலிருந்த பத்மாசினிக்கு எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து விளங்கப்படுத்தினான். ரீச்சர் சிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சந்தேகம் ஏதும் உண்டோ என்று கேட்டு, மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தான். பிறகு காய்ந்துபோன கையைக் கழுவ எழுந்தான்.